6 லட்சம் என்று தொடங்கி 8,74,000-ல் முடிந்த கதை: வேலூரில் வீட்டு இன்டீரியருக்கு பட்ஜெட் போடுவது எப்படி?

சத்துவாச்சாரியில் எங்கள் வீடு 1,050 சதுர அடி. இரண்டு படுக்கையறை, முதல் மாடி, மேலே மொட்டை மாடி. கட்டட வேலை முடிந்து சாவி கைக்கு வந்த அன்று கிச்சன், கப்போர்டு, பால்ஸ் சீலிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 6 லட்சம் என்று டைரியில் எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டேன். அதே டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற தொகை 8,74,000.

இடையில் இருக்கிற 2,74,000 எங்கே போனது? உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எலெக்ட்ரிக்கல் மாற்றம் 46,000. பரண் கதவுகள் 38,000. டிராயர் ஓடுகிற சேனல், கீல் எல்லாம் நல்லதாக மாற்றியது 34,000. விளக்கு, ஃபேன், திரைச்சீலை 71,000. வேலை இழுத்ததால் இரண்டு மாதம் கூடுதலாகக் கட்டிய வாடகை 22,000. ஏற்றுக்கூலி, குப்பை, கழுவித் துடைத்தது 17,000. ஆசாரி வேலைக்குப் பிறகு மறுபடி அடித்த பெயிண்ட் 14,000. மீதி 32,000 பூஜை அறைக் கதவு. அதற்கு நானேதான் காரணம், யாரையும் குறை சொல்ல முடியாது.

இந்தப் பட்டியலில் ஒன்றுகூட நான் ஒப்புக்கொண்ட கொட்டேஷனில் கிடையாது. யாரும் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காக, நான் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். விலைகள் எல்லாம் 2025 தொடக்கத்தில் எங்கள் ஊரில் எனக்குச் சொன்னவை. உங்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

1. யாரையும் கூப்பிடுவதற்கு முன் பணத்தைப் பிரித்து வையுங்கள்

"உங்க பட்ஜெட் எவ்ளோ சார்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். கையில் இருப்பதை முழுசாகச் சொல்லிவிட்டால் கொட்டேஷன் அச்சு அசலாக அந்தத் தொகைக்கே வரும். அதனால் வீட்டிலேயே முதலில் கழித்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தில் கிரகப்பிரவேசச் செலவு (சாப்பாடு, ஐயர், துணிமணி) ஒரு பக்கம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், மெத்தை ஒரு பக்கம். விளக்கு, ஃபேன், திரைச்சீலை ஒரு பக்கம், இதை இன்டீரியரில் சேர்க்காமல் விட்டதுதான் என் பெரிய ஓட்டை. பழைய வீட்டு வாடகை, நினைத்ததைவிட இரண்டு மாதம் அதிகமாக. இதெல்லாம் போக மிஞ்சுவதில் நூற்றுக்குப் பதினைந்தை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேச வேண்டாம், பேசினால் அது சோபாவாக மாறிவிடும்.

அப்புறம் மிஞ்சுவதுதான் உங்கள் பட்ஜெட்.

கடன் வாங்குவதாக இருந்தால் வீட்டுக் கடன் இருக்கும் வங்கியிலேயே டாப்-அப் (அதே கடனின் மேல் கூடுதல் கடன்) கேளுங்கள். பர்சனல் லோனைவிட வட்டி பொதுவாகக் குறைவு. அவர்கள் லெட்டர் பேடில் கொட்டேஷன் கேட்பார்கள், அதனால் துண்டுச் சீட்டில் கணக்கெழுதும் மேஸ்திரியை வைத்து வேலை செய்தால் இந்த வழி சிக்கலாகும். இதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2. அறை அறையாக நின்று பட்டியல் எழுதுங்கள்

செல்போனில் படம் பார்த்து எழுதாதீர்கள். டேப்பும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வெறும் வீட்டில் போய் நில்லுங்கள், வீட்டில் சமைப்பவரையும் கூட அழைத்துக்கொண்டு.

நான் தனியாகப் போய் எழுதிய கிச்சன் பட்டியலில் தட்டு ஸ்டாண்டு, மசாலா டிராயர், பாட்டில் இழுப்பறை எல்லாம் இருந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, கிரைண்டர எங்கடா வைக்கறது? அரிசி டிரம்மு? ரெண்டாவது சிலிண்டரு?" என்றார். மூன்றுக்கும் இடமில்லை. மசாலா டிராயரைத் தூக்கிவிட்டு கிரைண்டருக்கு அடியில் ஒரு திறந்த தட்டு, பக்கத்தில் ஒரு 16 ஆம்ப் பிளக் என்று மாற்றினோம். ஆசாரி வந்த பிறகு இது நடந்திருந்தால் தனிக் காசு.

பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: 'குடிபோகும் நாளில் வேண்டும்', 'ஒரு வருடம் பொறுக்கலாம்', 'ஆசை'. கிச்சன் மேடைக்கு அடியில் வரும் கீழ் அறைகள், படுக்கையறைக்கு ஒரு கப்போர்டு, பாத்ரூம் கதவு இதெல்லாம் முதல் வகை. டி.வி. யூனிட், ஷூ ராக், கட்டில் தலைமாட்டுப் பலகை இரண்டாவது. எங்கள் பூஜை அறைக் கதவு மூன்றாவது, நான் அதை முதல் வகையில் எழுதியிருந்தேன்.

3. சதுர அடி எப்படி அளக்கிறார்கள் என்று கேளுங்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பணம் இங்கேதான் போகிறது.

கப்போர்டுக்குச் சதுர அடி 1,300 என்கிறார்கள். கடையில் விசாரித்தால் 18 எம்.எம். பிளை சதுர அடி 110 என்கிறார்கள். முதலில் கொள்ளை என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. விஷயம் என்னவென்றால், பெரும்பாலான ஆட்கள் முன்பக்கத்தை மட்டும்தான் அளப்பார்கள். 6 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் 42 சதுர அடி. உள்ளே போகிற பலகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆழம் 2 அடி என்றால் இரண்டு பக்கப் பலகை 28, நடுத்தடுப்பு 14, மேலும் கீழும் 24, ஆறு தட்டு 36, கதவு 42. மொத்தம் 144 சதுர அடி. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 32 சதுர அடி என்பதால் நாலரை ஷீட். பின்பக்க 6 எம்.எம். பலகை, மைக்கா, கம், கீல், கூலி எல்லாம் இதற்கு மேல். ஆக 1,300 என்பது அநியாயமில்லை.

ஆனால் இன்னொருவர் 450 என்று சொன்னால் மயங்காதீர்கள். அவர் கூலி மட்டும் சொல்கிறாரா, இல்லை உள்பலகை எல்லாவற்றையும் சேர்த்து அளக்கப் போகிறாரா என்று கேளுங்கள். மூன்றாவது ஆள் ரன்னிங் ஃபீட் கணக்கு, அதாவது நீளத்துக்கு மட்டும் அடி ரேட், சொல்வார், அதில் சுவரில் மாட்டும் மேல் அறைகள் உண்டா இல்லையா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்து மூலை. எங்கள் கிச்சன் மேடை 'எல்' வடிவம், ஒரு பக்கம் 10 அடி, இன்னொரு பக்கம் 8 அடி, கீழ் அறை உயரம் 2.75 அடி. அளக்க வந்தவர் சுவர் ஓரமாகவே டேப்பைப் பிடித்துப் பத்தும் எட்டும் பதினெட்டு என்று எழுதிக்கொண்டார். 49.5 சதுர அடி. மேடையின் ஆழம் 2 அடி, அதனால் மூலையில் இருக்கிற அந்த 2 அடி இரண்டு பக்கக் கணக்கிலும் வருகிறது, ஆனால் அங்கே கதவு ஒன்றும் கிடையாது. ஒரு தடவை கழித்தால் 44. வித்தியாசம் 5.5 சதுர அடி, 1,450 ரேட்டில் 7,975 ரூபாய். இதைச் சொன்னபோது அவர் கோபப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "இன்னா சார், எல்லாரும் இப்டித்தான் அளக்கறோம்" என்று சிரித்துக்கொண்டே பதினாறு என்று திருத்தினார். மேல் அறைகளிலும் இதே மூலை வரும், மறக்காதீர்கள்.

அப்புறம் 6 அடி 4 அங்குலத்தை ஆறரை என்று எழுதுவது. 7 அடி உயரக் கப்போர்டில் அந்த இரண்டு அங்குலத்துக்கு 1,500 ரூபாய் ஆகிறது. அங்குலக் கணக்கிலேயே எழுதச் சொல்லுங்கள். இறுதிப் பணம் வேலை முடிந்தபின் எடுக்கும் அளவுக்குத்தான் என்றும் எழுதி வாங்குங்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு எச்சரிக்கை. காசு மிச்சம் பிடிக்கக் கப்போர்டு ஆழத்தை ஒன்றரை அடியாகக் குறைக்கச் சொல்வார்கள். ஹேங்கரில் சட்டை மாட்டினால் கதவு மூடாது. முன்பக்க அளவு மாறாததால் உங்களுக்கு ஒரு பைசாவும் குறையாது, பலகை அவருக்கு மிச்சம்.

4. எந்த இடத்துக்கு எந்தப் பலகை

எல்லா இடத்துக்கும் உசத்தி பிளை போட வேண்டியதில்லை. தண்ணீர் படும் இடம், படாத இடம் என்று பிரித்தால் போதும்.

கிச்சன் கீழ் அறைகள், குறிப்பாக சிங்க் அடியில், வாஷ்பேசின் கீழே, பாத்ரூம் சுவரை ஒட்டிய கப்போர்டு: இங்கெல்லாம் ஐ.எஸ். 710 தரத்து மரைன் பிளை. ஹால், படுக்கையறையின் உலர்ந்த சுவர்களுக்கு ஐ.எஸ். 303 போதும். குடியாத்தத்தில் என் மச்சான் வீட்டில் சிங்க் அடியில் சாதா கமர்ஷியல் பிளை போட்டார்கள். ஒரு வருடத்தில் அடிப்பலகை நனைந்த அட்டை மாதிரி உப்பி, கதவு தரையில் உரச ஆரம்பித்தது. சிங்க் அடிக்கு மட்டும் பி.வி.சி. பலகை வைத்தாலும் நல்லதுதான்.

இதில் ஒரு பொறி. பிளை மேல் '710' என்று பெரிதாக அச்சடித்திருந்தால் அது 710 ஆகிவிடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதோடு சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, உரிமம் நடப்பில் உள்ளதா என்று காட்டும். சரக்கு இறங்கும்போது வண்டி அருகிலேயே நின்று இரண்டு ஷீட்டுக்காவது பார்த்துவிடுங்கள். அறுத்து மைக்கா ஒட்டிய பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.

மைக்கா வெளியே 1 எம்.எம்., உள்ளே மெல்லியது போதும். உள்பக்கம் ஒன்றும் ஒட்டாமல் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றால் ரேட்டில் குறைக்கச் சொல்லுங்கள். தட்டுகளுக்கு 12 எம்.எம். பலகை போடுவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள், பட்டுப்புடவைகளும் பித்தளைப் பாத்திரங்களும் ஏறினால் நடுவில் தொய்யும்.

சென்னைக்குப் போய்ப் பலகை வாங்கினால் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். ஷீட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கலாம்தான், ஆனால் மினி லாரி வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி போட்டால் ஒரு வீட்டுச் சரக்குக்குப் பெரிதாக மிஞ்சாது. மீந்த ஷீட்டைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. உள்ளூர்க் கடையில் மீந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டே வாங்குங்கள். கிரானைட் மட்டும் வேறு விஷயம். அளவு அதிகம் என்றால் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு நாள் போய்ப் பார்த்து வருவதில் நியாயம் உண்டு. ஒரு கிச்சன் மேடைக்காக மட்டும் போகாதீர்கள்.

5. மூன்று கொட்டேஷன், ஒரே தாள்

உங்கள் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து மூன்று பேருக்கும் அதையே கொடுங்கள். அவரவர் இஷ்டத்துக்கு எழுத விட்டால் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது.

எனக்கு வந்த மூன்று: 5,40,000, 6,10,000, 7,25,000. முதல் ஆளைத்தான் பிடிக்க இருந்தேன். மாமா ஒருவர் தனக்குத் தெரிந்தவர் என்று சொன்னதால் இரண்டாமவரிடம் போனேன், பேசி 6 லட்சத்துக்கு இறக்கினேன். வேலை முடிந்த பிறகு ஒருநாள் சும்மா இருந்தபோது மூன்றையும் சமமாக்கிப் பார்த்தேன். முதல் ஆளின் தாளில் கடைசி வரி, பொடி எழுத்தில், 'ஜி.எஸ்.டி. தனி'. 18 சதவீதம் என்றால் 97,200. பரண் கதவு அவர் கணக்கில் இல்லை, 38,000. நல்ல சேனல், கீல் இல்லை, 34,000. மொத்தம் 7,09,200! நான் எடுத்தவருடையதில் பரணும் சேனலும் சேர்த்தால் 6,72,000. மூன்றாமவர் எல்லாவற்றையும் முதலிலேயே சேர்த்துச் சொன்னவர், அவரைத்தான் 'காஸ்ட்லி' என்று வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

ஜி.எஸ்.டி. கேட்பவரிடம் எண்ணைக் கேளுங்கள். எண்ணும் எழுத்துமாகப் பதினைந்து இருக்கும், தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் பதிவு நடப்பில் உள்ளதா, ரத்தானதா, காம்போசிஷன் திட்டமா (சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டுவது) என்று தெரியும். காம்போசிஷனில் இருப்பவர் உங்களிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. பதிவே இல்லாதவரும் வாங்கக் கூடாது. பில் தராமல் 'வரி' மட்டும் கேட்பவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கொட்டேஷனோடு கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்:

- அங்குல அளவு போட்ட வரைபடம், ஒவ்வொரு அறைக்கும் தனியாக, இருவர் கையெழுத்துடன்.
- பலகையின் கம்பெனி, தரம், கனம், மைக்காவின் எண், சேனல், கீல் கம்பெனியும் எத்தனை என்பதும். 'நல்ல தரம்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டுப் பெயர் எழுதச் சொல்லுங்கள்.
- எது சேராது என்ற பட்டியல். இதை யாரும் தானாகத் தர மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும்.
- பணம் கொடுக்கும் தவணைகள், முடிக்கும் தேதி, தாமதமானால் என்ன.
- அடுக்குமாடி என்றால் சங்கத்தின் அனுமதிக் கடிதம். பல இடங்களில் வேலை நேரக் கட்டுப்பாடு உண்டு, முன்பணமும் கேட்பார்கள்.

ஒப்பந்தத்தை நான் 200 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கினேன். மாமாவுக்குத் தெரிந்த ஆளிடம் எதற்கு இதெல்லாம் என்று வீட்டில் சங்கடப்பட்டார்கள். தெரிந்தவர் என்பதால்தான் எழுத வேண்டும், பிறகு சண்டை போட முடியாது.

6. கொட்டேஷனுக்கு வெளியே காத்திருக்கும் செலவுகள்

எலெக்ட்ரிக்கல். கட்டும்போது இன்ஜினியர் போட்ட பாயிண்ட் எதுவும் உங்கள் கப்போர்டுக்கும் சிம்னிக்கும் ஒத்துவராது. எங்கள் படுக்கையறையில் சுவிட்ச் பெட்டி சரியாகக் கப்போர்டு வருகிற இடத்தில் இருந்தது. சிம்னி, ஆர்.ஓ., ஓவன், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், ஏ.சி. என்று எல்லாவற்றுக்கும் இடம் குறித்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடியுங்கள். இரண்டு ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் என்று போகிறவர்கள் மின்வாரியத்தில் லோடு கூட்ட வேண்டியிருக்கும், தேவைப்பட்டால் மும்முனை இணைப்பு. அதற்கு விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு. சுவரை உடைத்து பைப் பதித்ததும் பூசுவதற்கு முன்னால் டேப் தெரியும்படி வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது தெரியும் அதன் அருமை.

மாடிக்கு ஏற்றுக்கூலி. லிஃப்ட் இல்லாத வீட்டில் ஒவ்வொரு ஷீட்டுக்கும் மாடிக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் எட்டடி ஷீட் வளையவே இல்லை, வெளியே கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினார்கள். அதற்கும் தனிக்கூலி. படியை முதலிலேயே காட்டிவிடுங்கள்.

குப்பை. பலகைத் துண்டு, டைல்ஸ் உடைசல், சிமெண்ட் பை எல்லாம் கடைசியில் ஹால் நடுவில் கிடக்கும். தெருவில் கொட்டினால் அக்கம்பக்கத்தில் சண்டை. டிராக்டரோ 'குட்டி யானை' மினி வேனோ வைத்து எடுக்க வேண்டும். யார் செலவு என்று முன்பே பேசுங்கள்.

பெயிண்ட் இரண்டு முறை. ஆசாரி வேலைக்கு முன் பட்டி, பிரைமர், ஒரு கோட் மட்டும் அடித்து நிறுத்துங்கள். நான் முழுசாக முடித்துவிட்டேன், அப்புறம் கப்போர்டு ஏற்றும்போது பட்ட கீறலுக்காக மறுபடி 14,000.

கரையான் மருந்து. கட்டும்போதே தரையில் அடித்திருந்தாலும், பலகை சுவரோடு சேரும் இடத்தில் மறுபடி அடிப்பது நல்லது. சின்னச் செலவுதான்.

இன்னொன்று, நம் ஊர்த் தண்ணீர். போர் தண்ணீரின் உப்பு குழாயிலும் கறுப்பு கிரானைட்டிலும் வெள்ளையாகப் படியும். பாத்ரூமில் கண்ணாடித் தடுப்பு போடலாம் என்று கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதுதான். தினமும் துடைக்க ஆள் இருந்தால் போடுங்கள்.

7. பணம் கொடுக்கும் வரிசை

பாதிப் பணம் அட்வான்ஸ் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் 60 சதவீதம் கொடுத்தேன். பலகை வந்தது, மூன்று நாள் அறுத்தார்கள், அப்புறம் 23 நாள் ஆளே இல்லை. போன் போட்டால் "நாளைக்கு ஆள் வரும் சார்". பிறகுதான் தெரிந்தது, காட்பாடியில் இன்னொரு வீட்டுக்கு கிரகப்பிரவேசம் நெருங்கியதால் ஆட்கள் அங்கே. என் பணம் அவர் கையில் இருக்கும்போது நான் அவசரப்பட்டு என்ன பயன்?

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லும் தவணை: ஒப்பந்தத்தில் 20, பலகை வந்து முத்திரை பார்த்ததும் 30, பெட்டிகள் சுவரில் ஏறியதும் 30, கதவும் டிராயரும் மாட்டியதும் 15, கடைசி 5 ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு. அந்த 5 இல்லாவிட்டால் மூடாத கதவைச் சரிசெய்ய யாரும் வர மாட்டார்கள்.

எல்லாம் வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். ஒரே வேலைக்கு ஒருவரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது, மீறினால் வாங்குபவருக்குத்தான் அபராதம். இதை மெதுவாகச் சொன்னால் போதும், அவரே கணக்கு எண்ணைத் தந்துவிடுவார். கூடுதல் வேலை ஏதாவது இடையில் சொன்னால், எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் 'சரி' போடுங்கள். வாயால் சொன்ன கூடுதல் வேலை பில்லில் இரண்டு மடங்காக வரும்.

8. எந்த மாதம்?

45 நாள் என்றால் 75 நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு 105 ஆனது.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் ஆசாரிகள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள், ரேட்டிலும் பேச இடமிருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு வேலையை ஆடியில் ஆரம்பிக்காதீர்கள், ஆனி தொடக்கத்திலேயே ஆரம்பித்து ஆடியில் முடிக்கப் பாருங்கள். தை முகூர்த்தம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டி காய்வதற்கே நாள் பிடிக்கும், மரப் பாலிஷும் ஈரத்தில் வெளுத்துப்போகும். வடநாட்டு ஆட்கள் வேலை செய்தால் தீபாவளி, ஹோலிக்கு ஊருக்குப் போய்த் திரும்ப இரண்டு மூன்று வாரம். நம் ஆட்கள் என்றால் பொங்கல். இதெல்லாம் பஞ்சாங்கத்தில் முன்பே தெரிகிற தேதிகள்தானே, குறித்து வையுங்கள்.

ஜோசியர் குறித்த முகூர்த்தத்துக்கு எல்லாம் முடிய வேண்டும் என்று நினைக்காதீர்கள். பால் காய்ச்ச அடுப்பும் ஒரு மேடையும் போதும். முகூர்த்தத் தேதியை மேஸ்திரியிடம் சொன்னால் கடைசி வாரத்தில் எந்தத் தொகை கேட்டாலும் நீங்கள் தருவீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

9. பணம் போதவில்லை என்றால் எதை வெட்டுவது

முதலில் பால்ஸ் சீலிங். சதுர அடி 90 ரூபாய் சொன்னார்கள், விளக்கும் ஒயரிங்கும் தனி. வெயில் குறையும் என்று விற்பார்கள். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில், அந்தப் பணத்துக்கு மாடித்தளத்தில் வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டினால் ராத்திரி தூக்கம் வரும். நாங்கள் ஹாலுக்கு மட்டும் சீலிங் போட்டோம், ஏன் போட்டோம் என்று இன்றுவரை என் மனைவி கேட்கிறார்.

அடுத்து பரண் கதவுகள். திரை போட்டு மறைத்துவிட்டு அடுத்த வருடம் போடலாம். டி.வி. யூனிட்டுக்கு ஒரு பலகை போதும். பளபளக்கும் அக்ரிலிக் கதவுக்குப் பதில் சாதா மேட் மைக்கா, கைரேகையும் தெரியாது.

வெட்டக் கூடாதவை: சிங்க் அடிப் பலகை, கிச்சன் டிராயர் சேனல், ஒயர், தண்ணீர்க் குழாய். சேனலை மலிவாகப் போட்டால் குக்கர் டிராயர் ஆறே மாதத்தில் ஒரு பக்கம் சாயும்.

10. சாவியைத் திருப்பி வாங்கும் நாள்

பகலில் போங்கள். ஒவ்வொரு டிராயரையும் பத்து முறை இழுத்துத் தள்ளுங்கள். சிங்கில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி அடியில் கையால் தடவிப் பாருங்கள். கப்போர்டு கதவின் மேல் விளிம்பையும் தடவுங்கள், கண்ணுக்குத் தெரியாது என்று எட்ஜ் பேண்ட் (பலகை விளிம்பை மூடும் பட்டை) ஒட்டாமல் விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் ஏழு கதவில் இல்லை. குறைகளை எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிய பிறகே 15 சதவீதம்.

பில்லும் ஒப்பந்தமும் இருந்தால், பேசியும் சரிசெய்யாதபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

கிளம்பும்போது ஆசாரி மீந்த மைக்காத் துண்டுகளை வண்டியில் ஏற்றப் பார்ப்பார். அது உங்கள் காசு, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பெரிய துண்டை வாங்கிப் பின்னால் எண்ணை எழுதிக் கட்டிலுக்கு அடியில் போட்டு வையுங்கள். எங்கள் வாஷிங் மெஷின் வந்த அன்று பரணுக்குக் கீழே இருந்த கதவில் மூலை பெயர்ந்தது, அந்த எண்ணில் மைக்கா வருவது நின்றுவிட்டது என்று கடையில் சொன்னார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த துண்டுதான் இப்போது அந்தக் கதவில் இருக்கிறது.